சொந்தபந்தங்களோடு ஒரு நாள் ஆஃப்ரோடு: காங்கேயம் பக்கத்து மானாவாரி நிலத்தில் டர்ட் பைக் ஓட்ட முழுமையான வழிகாட்டி

ஆஃப்ரோடு, அதாவது தார் ரோட்டை விட்டு மண்ணில் வண்டி ஓட்டுவது, என்று பேச்செடுத்தாலே எந்த வண்டி, எத்தனை சிசி, எந்த டயர் என்றுதான் நண்பர்கள் ஆரம்பிப்பார்கள். பசங்க மட்டும் போகிற பயணத்துக்கு அது சரி. மனைவி, குழந்தைகள், மாமா, அத்தை எல்லாரும் வருகிற நாளுக்கு வண்டி மூன்றாவது இடத்தில்தான் வரும். முதலில் நிலம், அடுத்து நிழல். பத்துப் பேர் கிளம்பினால் ஓட்டுவது நாலு பேராகத்தான் இருக்கும். மிச்ச ஆறு பேருக்கு உட்கார இடமும், ஒதுங்க ஒரு பாத்ரூமும், பார்க்க வேடிக்கையும் இருந்தால்தான் அடுத்த முறை கேட்கும்போது வீட்டில் முகம் சுளிக்க மாட்டார்கள்.

இங்கே நான் மனதில் வைத்திருப்பது காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கத்து மேட்டு நிலம். மழை குறைவு. செம்மண்ணும் சரளையும் கலந்த பூமி. கிளுவை வேலி போட்ட கொறங்காடுகள் (மேய்ச்சல் நிலங்கள்), வேலிகளுக்கு நடுவே ஓடும் இட்டேரிகள் (மண் வழிகள்), அங்கங்கே வெள்வேல மரமும் பனையும், காற்றாலைகளுக்குப் போகிற சரளைத் தடங்கள். ஆரம்பநிலை ஆஃப்ரோடுக்கு இதைவிடத் தோதான பூமி கொங்கில் கிடையாது என்பது என் கட்சி. பெரிய ஏற்றம் இல்லை, சேறு இல்லை, கண்ணுக்கு எட்டும் தூரம் வரை வெளி. வேறு பக்கத்துக்காரர்கள் உங்கள் ஊர் மண்ணுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், அடிப்படை ஒன்றுதான்.

எந்த மாதம்

தை கடைசியிலிருந்து பங்குனி ஆரம்பம் வரை. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்த சோளத்தின் தட்டை, அதாவது தண்டை, அறுத்துப் போர் போட்டிருப்பார்கள். நிலம் காலியாகக் கிடக்கும். காலை வெயிலும் உறைக்காது. சித்திரை, வைகாசியில் முழு உடுப்பு மாட்டிக்கொண்டு ஒன்பது மணிக்கு மேல் நிற்கவே முடியாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆளையே தள்ளும். இத்தனை காற்றாலைகள் இங்கே நிற்பதற்குக் காரணமே அந்தக் காற்றுதான். முன்னால் போகிற வண்டியின் புழுதி அடங்கவே அடங்காது. ஐப்பசி, கார்த்திகையில் விதைத்த நிலம். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

நிலம் பார்ப்பது

இந்த நாளின் முக்கால்வாசி வேலை இதுதான். ஒரு வாரம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள்.

சொந்தக்காரர் யாருக்காவது மூன்று நாலு ஏக்கர் தரிசோ, அறுவடை முடிந்த மானாவாரியோ இருந்தால் போதும். போனில் கேட்பதைவிட நேரில் போய்க் கேட்பது நல்லது. “ஏனுங் மாமா, வர்ற ஞாயித்துக்கிழமை காலைல பசங்க கொஞ்சம் வண்டி ஓட்டிப் பழகிக்கலாமுங்களா? பதினோரு மணிக்கெல்லாம் முடிச்சுருவோமுங்” என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். “முடிச்சுருவோம்” என்று சொன்ன நேரத்தில் முடிக்கவும் வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சைலன்ஸர் சத்தத்துக்குக் கறவை மாடு மிரளும், கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். சண்டை வருவது எப்போதும் நிலத்துக்காரரோடு அல்ல, பக்கத்து நிலத்துக்காரரோடுதான்.

கொறங்காட்டுக்குள் ஓட்டக் கேட்காதீர்கள், கொடுத்தாலும் வேண்டாம். பார்க்க வெறும் புல்வெளி மாதிரி இருக்கும். அது கொழுக்கட்டைப் புல், காங்கேயம் மாட்டுக்கும் செம்மறிக்கும் வருஷம் முழுக்கத் தீனி. பின்சக்கரம் நாலு சுற்றுச் சுற்றினால் தூரோடு பெயர்ந்துவிடும். வேலிக் கடவைத் திறந்தவர் மூடவும் வேண்டும் என்பது இந்தப் பக்கத்தின் எழுதாத சட்டம். திறந்து கிடந்த கடவு வழியாக ஆடு வெளியேறினால் அந்த ஊரில் உங்கள் ஆட்டம் அன்றோடு முடிந்தது.

சிலர் வறண்ட குளத்துக்குள் ஓட்டலாம் என்பார்கள். சமதளமாக, அகலமாக இருப்பதால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் மண் எடுத்த குழிகள் எங்கே என்று வெளியாருக்குத் தெரியாது. கிரிக்கெட் விளையாடும் பையன்களும் அங்கேதான் இருப்பார்கள். இடமும் தனியாருடையது அல்ல. குளத்துக்கரை மேல் ஏறி இறங்குவது சுத்தமாகக் கூடாது. சக்கரம் போட்ட பள்ளத்தில்தான் அடுத்த மழைக்குத் தண்ணீர் கரையை அரிக்க ஆரம்பிக்கும்.

காட்டு இலாகா எல்லைக்குள் போவது பேச்சுக்கே இடமில்லாத விஷயம். ஆனைகட்டி, சிறுவாணி அடிவாரம், உடுமலைக்குத் தெற்கே ஆனைமலைப் புலிகள் காப்பகத்து ஓரம் எல்லாம் படத்தில் அழகாகத் தெரியும். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்தால் வண்டியோடு பிடிப்பார்கள். வழக்கு வனச் சட்டத்திலும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திலும் போகும். யானை வழித்தடத்தில் குழந்தைகளை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுவதில் சாகசம் ஒன்றும் இல்லை.

நிலம் கிடைத்துவிட்டதா? அப்புறம் அதை நடந்து பாருங்கள். ஒரு மூலை விடாமல். தேட வேண்டியவை இவை.

தரைக்கிணறு. சுற்றுச்சுவர் இல்லாமல், ஓரத்தில் புல் மூடி, பத்தடி பக்கத்தில் போகும் வரை தெரியாமல் இருக்கும் கிணறுகள் இந்தப் பூமியில் உண்டு. நிலத்திலோ பக்கத்திலோ ஒன்று இருந்தால், அதிலிருந்து குறைந்தது நூறு அடி தள்ளித்தான் தடம் போட வேண்டும். அந்தத் திசையை நோக்கி வேகமெடுக்கும் நேர்த்தடமே இருக்கக் கூடாது. கைவிட்ட பாறைக்குழிக்கும் இதே கணக்கு.

கம்பி. இரண்டு கல்தூண்களுக்கு நடுவே ஒற்றைக் கம்பி காலை வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. கழுத்து உயரத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. காட்டுப்பன்றிக்காக மின்சாரம் விட்ட வேலி அக்கம்பக்கத்தில் உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கம்பி இருக்கும் இடமெல்லாம் பழைய சேலையைக் கிழித்துக் கட்டிவிட்டால் தூரத்திலிருந்தே தெரியும்.

சோளக்கட்டை. அறுத்த சோளத்தட்டின் அடிக்கட்டை காய்ந்து ஆணி போல நிற்கும். டயர் தாங்கும், விழுகிற ஆள் தாங்க மாட்டார். ஓட்டுகிற தடத்தில் மட்டுமாவது உழவு ஓட்டிய நிலமாக இருக்கட்டும்.

சீமைக்கருவேல முள். இந்த வட்டாரத்துப் பஞ்சர்களுக்கு முக்கியக் காரணம் இதுதான். வெட்டிப் போட்ட கிளை இருந்தால் இழுத்து வேலியோரம் ஒதுக்குங்கள். சொட்டுநீர்க் குழாய் மண்ணுக்குள் புதைந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கிழித்தால் காசு கொடுத்து மாற்றுங்கள்.

இந்தச் சோதனைக்கு மாமாவின் டிவிஎஸ் எக்ஸ்எல்லைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். நாம் லட்சங்களைக் கொட்டி வாங்கிய வண்டியை எப்படி ஓட்டுவது என்று பயிற்சி வகுப்புக்குப் போகிற அதே மேட்டில், அவர் இரண்டு கட்டுத் தட்டை ஏற்றிக்கொண்டு பீடியோடு தினமும் போய் வருகிறார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நிழல்

வேம்போ புளியமோ நல்ல விரிந்த மரம் ஒன்று. தடத்திலிருந்து நூற்றைம்பது அடியாவது தள்ளி, காற்று வரும் பக்கமாக, புழுதி எதிர்த்திசையில் போகிற மாதிரி. வளைவின் வெளிப்பக்கத்தில் ஒருபோதும் வேண்டாம். வளைவில் கட்டுப்பாடு போன வண்டி நேராகத்தான் போகும். அந்த நேர்கோட்டில் பாய் விரித்து யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. தோட்டத்து வீட்டுக்குப் பக்கமாக இருந்தால் பாத்ரூம் பிரச்சினை தீரும். இது பெண்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று பசங்க யோசிப்பதே இல்லை.

பாய், மடக்கு நாற்காலி, ஒரு ஆளுக்கு மூன்று லிட்டர் கணக்கில் தண்ணீர். கல்குவியல், காய்ந்த தட்டுப்போர் பக்கம் குழந்தைகள் கை விடாமல் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர். கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும் உலவுகிற பூமி இது.

வண்டி

சரி, இப்போது வண்டிக்கு வரலாம்.

இந்தியாவில் ரோட்டிலும் ஓட்டி மண்ணிலும் ஓட்ட வேண்டும் என்றால் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 தான் எளிதான பதில். 2019-இல் வந்தது, முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18, தரையிலிருந்து இடைவெளி 220 மில்லிமீட்டர், எடை சுமார் 160 கிலோ. விழுந்தால் ஒரு ஆள் தூக்கிவிடலாம். அதன் ப்ரோ வகையின் சீட் உயரம் 891 மில்லிமீட்டர்; ஐந்தரை அடி ஆளுக்குக் கால் முழுசாக எட்டாது, பழகுபவருக்குத் தேவையில்லாத தலைவலி. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 நெடும்பயணத்துக்கு அருமையான வண்டி, ஆனால் 196 கிலோ. செம்மண்ணில் மூன்றாவது முறை தூக்கும்போது அந்த எடை என்னவென்று இடுப்பு சொல்லும். எல்லாருக்கும் எக்ஸ்பல்ஸ் வேண்டும் என்பதும் இல்லை. ஒரு நல்ல வண்டியை மூன்று பேர் மாறி மாறி ஓட்டினால் போதும். ஓட்டாத நேரத்தில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

நம்பர் பிளேட் இல்லாத முழு டர்ட் பைக்கோ, சிறுவர் வண்டியோ இருந்தால் குட்டியானையில் (சின்ன சரக்கு வண்டியில்) ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும். முன்சக்கரத்தைக் கேபின் பக்கம் முட்டக் கொடுத்து, ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் ராட்செட் பெல்ட் போட்டு, முன் ஷாக் பாதி அமுங்கும் வரை இறுக்குங்கள். வெறும் கயிறு பாதி வழியில் தளர்ந்துவிடும். அந்தக் குட்டியானை அங்கேயே நிற்கட்டும். வண்டி ஓடாமல் போனாலும், ஓட்டியவருக்கு முடியாமல் போனாலும் திரும்பிவர அதுதான் வழி.

உடுப்பு

பணம் குறைவாக இருந்தால் இந்த வரிசையில் வாங்குங்கள்: ஹெல்மெட், பூட்ஸ், முழங்கால் காப்பு, கையுறை, காகிள்ஸ், முழங்கை காப்பு, மார்புக் காப்பு. ஹெல்மெட் ஐஎஸ்ஐ முத்திரையோடு, தாடையை மூடுவதாக இருக்க வேண்டும். இரண்டாவதாக பூட்ஸைப் போட்டதற்குக் காரணம் உண்டு. மண்ணில் விழுகிற பெரும்பாலான விழுதல்கள் மெதுவானவை. வண்டி காலின் மேல் சாய்கிற விழுதல்கள். கணுக்கால்தான் மாட்டும். டர்ட் பூட்ஸுக்கு வழியில்லை என்றால் கணுக்காலை மூடுகிற கனமான தோல் பூட்ஸாவது வேண்டும். ஸ்போர்ட்ஸ் ஷூ கணக்கில் சேராது, செருப்போடு வந்தவருக்குச் சாவியைக் கொடுக்கவே வேண்டாம், அவர் மச்சானாகவே இருந்தாலும்.

முந்தின நாள் இரவு

செயின் தளர்வு, ஸ்போக் இறுக்கம், பிரேக் கட்டை, கிளட்ச் கேபிள், ஏர் ஃபில்டர் பாருங்கள். கண்ணாடிகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட ஆசை வரும்; ரோட்டில் ஓட்டிப் போவதென்றால் அங்கே போய்க் கழற்றுங்கள். கிளட்ச், பிரேக் லீவரின் பிடி நட்டை இறுக்கமாக வைக்காமல், விழுந்தால் சுழல்கிற அளவுக்குச் சற்றுத் தளர்த்தி வைத்தால் லீவர் உடையாது.

பையில்: 21 அங்குல டியூப் ஒன்று (அவசரத்துக்கு 18 அங்குலப் பின்சக்கரத்திலும் அதை மடித்துத் திணித்து ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம்), டயர் லீவர் மூன்று, பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றுப் பம்பு, காற்று அளவு பார்க்கும் கேஜ், ஸ்பானர் செட், கட்டுக்கம்பி, இன்சுலேஷன் டேப், உபரி கிளட்ச் லீவர். முதலுதவிப் பெட்டியில் ஓஆர்எஸ் பாக்கெட், அகலமான பேண்டேஜ் துணி, முக்கோணத் துணி, முள் எடுக்கும் கிடுக்கி.

காலை: நேரக் கணக்கு

விடியும்போது இடத்தில் இருக்க வேண்டும். ஆறரைக்குத் தடம் நடப்பது, ஏழுக்கு பயிற்சி, எட்டரைக்கு இட்லி, ஒன்பதிலிருந்து சுற்று, பதினொன்றுக்கு நிறுத்தம். இதற்கு மேல் இழுத்தால் களைப்பில் விழுவது ஆரம்பிக்கும். “கடைசியா ஒரு ரவுண்டு” என்று யாராவது சொன்னால் அந்த ரவுண்டுக்கு விடாதீர்கள். அடிபடுகிற ரவுண்டு பெரும்பாலும் அதுதான்.

போனதும் டயர் காற்றை இறக்குங்கள். டியூப் டயரில் 18 முதல் 20 பி.எஸ்.ஐ வரை. அதற்குக் கீழே போனால் சரளைக்கல்லில் ரிம் அடித்து டியூப் கடிபடும். ரோட்டுக் காற்றிலேயே ஓட்டினால் முன்சக்கரம் சரளை மேல் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

தடத்தைச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக் காட்டுங்கள். வளைவுகளில் பழைய டயரோ தட்டுக்கட்டோ வைக்கலாம். கல்லும் கம்பும் நடாதீர்கள். நாள் முழுக்க எல்லாரும் ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும். இந்த ஒரு விதியை மீற யாருக்கும் அனுமதி இல்லை. மண்ணில் நடக்கிற மோசமான விபத்து, எதிரெதிரே வந்து மோதுவது. குழந்தைகள் தடம் தனி, நடுவில் வேலியோ குட்டியானையோ இருக்கட்டும்.

கிளம்பும் முன் எல்லாரையும் நிற்க வைத்து ஐந்து நிமிடம் பேசுங்கள். யார் முன்னால், யார் கடைசி, கையைத் தூக்கினால் என்ன, ஆஸ்பத்திரிக்கு யார் கார் ஓட்டுவார். கடைசிக் கேள்விக்கு முன்கூட்டியே ஒரு பெயர் இருக்க வேண்டும்.

ஓட்டப் பழகுவது

ரோட்டில் பதினைந்து வருஷம் ஓட்டியவரும் மண்ணில் முதல் நாள் புதியவர்தான். சொல்லப்போனால் அவருக்குத்தான் கஷ்டம். விட வேண்டிய பழக்கங்கள் நிறைய.

முதலில் நிற்பது. வண்டியை ஒருவர் பிடித்துக்கொள்ள, என்ஜின் ஓடாமல், ஃபுட்பெக் (கால் வைக்கும் கட்டை) மேல் எழுந்து நில்லுங்கள். பாதத்தின் முன்பகுதி பெக்கில். முழங்கால் லேசாக மடங்கி, டேங்கை இரண்டு பக்கமும் அழுத்தி. முழங்கை வெளியே, இடுப்பிலிருந்து முன்னால் சாய்வு. கையைச் சட்டென்று விட்டால் விழாமல் நிற்க முடிகிறதா? முடிந்தால் நிலை சரி. கையில் தொங்கிக்கொண்டு ஓட்டுபவருக்கு அரை மணி நேரத்தில் முன்கை கல்லாகிவிடும், பிரேக் பிடிக்கவே விரல் வராது.

அடுத்து முதல் கியரில் நின்றபடி மெதுவாக நேர்க்கோட்டில். பிறகு இரண்டாவது கியர். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, வண்டி போக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். கல்லைப் பார்த்துக்கொண்டே போனால் கல்லின் மேல்தான் ஏறுவீர்கள். பிரேக்கிலும் கிளட்சிலும் ஒரு விரல், அதிகம் போனால் இரண்டு. மிச்ச விரல்கள் பிடியில்.

மூன்றாவது பிரேக். இதில்தான் பயம் அதிகம், பயிற்சி குறைவு. சமதளத்தில், இரண்டாவது கியரில், பின் பிரேக்கை மட்டும் மிதித்துச் சக்கரத்தை வேண்டுமென்றே பூட்டுங்கள். பின்பக்கம் லேசாக ஆடும், பார்வை நேராக இருந்தால் வண்டியும் நேராக நிற்கும். நாலைந்து தடவை செய்தபின் அந்த ஆட்டத்தைப் பார்த்துப் பதறுவது நின்றுவிடும். எக்ஸ்பல்ஸ் 200-இல் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு மட்டும்தான் என்பதால் இதற்குத் தோதானது; ஹிமாலயன் 450-இல் பின் ஏபிஎஸ்ஸை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். முன் பிரேக்கைச் சட்டென்று பிடிக்காமல், பிழிவது போல மெல்ல மெல்லக் கூட்டுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்; சரளையில் வளையும்போது முன் பிரேக்கைத் தொட்டால் விழுவது உறுதி.

நாலாவது, வளைவு. ரோட்டில் வண்டியோடு சேர்ந்து உடம்பும் சாயும். இங்கே வண்டியை மட்டும் சாய்த்து, உடம்பு நிமிர்ந்து, வெளிப்பக்க பெக்கை அழுத்த வேண்டும். அப்போதுதான் டயர் மண்ணைக் கவ்வும். இது கைவர நாளாகும், முதல் நாளில் பாதி புரிந்தால் போதும்.

ஓடை மணல் வந்தால்: எடையைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, இரண்டாவது கியரில் ஒரே சீராக ஆக்ஸிலேட்டர். ஹேண்டில் இப்படியும் அப்படியும் ஆடும், ஆடவிடுங்கள். பயத்தில் ஆக்ஸிலேட்டரை மூடினால் எடை முன்னால் வந்து முன்சக்கரம் புதையும்.

மேடு ஏற: கீழேயே வேகத்தை எடுத்துக்கொண்டு, மார்பு முன்னால், பாதியில் கியர் மாற்றாமல். பாதியில் நின்றுவிட்டால் முன் பிரேக்கை விடாமல், கியரிலேயே கிளட்சை விட்டு என்ஜினை அணைத்துவிடுங்கள். பின்சக்கரத்தை என்ஜினே பிடித்துக்கொள்ளும். மேட்டுப் பக்கமாக இறங்கி, வண்டியை மெல்லத் திருப்பி இறக்குங்கள். இதைச் சின்ன வரப்பில் ஒருமுறை வேண்டுமென்றே செய்து பார்த்தவர்தான் பெரிய மேட்டுக்குப் போகலாம். இறங்க: முதல் அல்லது இரண்டாவது கியர், கிளட்சைப் பிடிக்காமல், பிட்டம் பின்னால், இரண்டு பிரேக்கும் மெதுவாக.

வண்டி தூக்குவதும் பயிற்சிதான். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கை ஹேண்டில் பிடியில், ஒரு கை பின்பக்கக் கம்பியில், காலால் தள்ளிப் பின்னோக்கி அடி வையுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டைப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் தூக்கியதும் மறுபக்கம் விழும். விழுந்த வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று மெக்கானிக்கைத் தேட வேண்டாம். சாய்ந்தால் என்ஜினை நிறுத்தும் சென்சார் உள்ள வண்டிகளில் சாவியை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்.

குழந்தைகள்

பாலன்ஸ் செய்து சைக்கிள் ஓட்டத் தெரியாத குழந்தைக்கு மோட்டார் வண்டி வேண்டாம். தெரிந்தவர்களுக்கு, சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் பதிகிற அளவில், கிளட்ச் இல்லாத சின்ன வண்டி. கவாஸாகி கேஎல்எக்ஸ் 110 போன்றவை பத்துப் பன்னிரண்டு வயதுக்குப் பொருந்தும்; அதற்கும் சின்னவர்களுக்கு 50 சிசி அல்லது பேட்டரி வண்டி. சிறுவர் வண்டிகள் பலவற்றில் ஆக்ஸிலேட்டரைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூ ஒன்று இருக்கும். அதைத் திருகி, ஒரு பெரியவர் கூடவே ஓடிப் பிடிக்கக்கூடிய வேகத்துக்கு வையுங்கள். வண்டியைச் சொந்தமாக வாங்க அவசரம் வேண்டாம். பெங்களூரு பக்கம் கோலார் அருகே, டக்கார் ராலி என்ற நெடுந்தூரப் பந்தயத்தை முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ் ஆரம்பித்த பிக் ராக் டர்ட் பார்க் மாதிரி இடங்களில் வாடகை வண்டியும் பயிற்சியாளரும் உண்டு. ஒரு முறை கூட்டிப்போய்ப் பிள்ளைக்கு உண்மையில் ஆசையா, அப்பாவுக்குத்தான் ஆசையா என்று பார்த்துக்கொள்ளலாம்.

முன்னால் உட்கார வைத்து ஓட்டுவது, பின்னால் ஏற்றுவது இரண்டும் மண்ணில் கிடையாது. அழுதாலும் கிடையாது.

இட்டேரியும் காற்றாலைத் தடமும் ஆள் போகிற வழிகள். அங்கே பதினெட்டு வயதாகாத பையன் கியர் வண்டி ஓட்டினால் 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-ஏ பிரிவு பெற்றோர் மேல் பாயும்: 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை, ஆர்.சி. ஒரு வருஷத்துக்கு ரத்து. குழந்தைகள் வேலிக்குள்ளேயே ஓட்டட்டும்.

நீண்ட சுற்று

பயிற்சியில் தேறியவர்கள் மட்டும் இட்டேரி வழியாக ஒரு மணி நேரச் சுற்றுப் போகலாம். நன்றாக ஓட்டுபவர் இருவரில் ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில். நடுவில் மெதுவானவர்கள், வேகத்தை முடிவு செய்வது அவர்கள்தான். பிரிவு வந்தால், முன்னவருக்கு அடுத்து வருபவர் அங்கேயே நின்று, கடைசி ஆள் வரும் வரை வழிகாட்ட வேண்டும். இப்படிச் செய்தால் போனில் சிக்னல் இல்லாவிட்டாலும் யாரும் தொலைய மாட்டார்கள். புழுதி அடங்கும் தூரம் விட்டுப் போங்கள். முன்னவர் தெரியவில்லை என்றால் நீங்கள் மிக அருகில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இட்டேரி இரண்டு பக்கமும் உயர்ந்த வேலிக்கு நடுவே தாழ்வாகப் போகும்; வளைவுக்கு அப்பால் எதுவும் தெரியாது. மாட்டு வண்டி, ஆட்டு மந்தை, தண்ணிக் குடத்தோடு அம்மா, மயில் எதுவும் வரலாம். மயில் கடைசி நொடியில்தான் பறக்க முடிவெடுக்கும். முன்வரும் கால்நடையைக் கண்டால் ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுங்கள். மேய்ப்பவர் கை காட்டியபின் கிளம்பலாம். ஊருக்குள்ளும் கோயில் முன்பும் முதல் கியரில், உட்கார்ந்து, சத்தமில்லாமல்.

அடிபட்டால்

விழுந்தவரை உடனே தூக்காதீர்கள். அவரே எழுந்திருக்கட்டும். கழுத்து வலி, மயக்கம், கைகால் மரத்துப்போவது என்றால் ஹெல்மெட்டைக் கழற்றாமல், அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தார் ரோடு முனையில் ஒருவரைப் போய் நிற்கச் சொல்லுங்கள். தோட்டத்துக்குள் ஆம்புலன்ஸ் வழி தேடி அலையக் கூடாது. தோள்பட்டை எலும்பு வலித்தால் முக்கோணத் துணியில் கையைத் தாங்கிக் கட்டிக் காரில் கூட்டிப்போகலாம். காங்கேயத்திலும் தாராபுரத்திலும் அரசு மருத்துவமனை உண்டு. பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். அசையாமல் வைத்து நேராக அங்கேதான். தலை சுற்றி, வியர்வை நின்று, உளற ஆரம்பித்தால் அது வெயில். உடுப்பைக் கழற்றி, தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே கிளம்புங்கள்.

மதியமும் சாயங்காலமும்

பதினொன்றுக்கு நிறுத்தியதும் மோரும் உப்பு போட்ட எலுமிச்சைத் தண்ணீரும். சாப்பாட்டுக்கு அரிசிம்பருப்பு சாதம் சரியாக இருக்கும். காலையிலேயே செய்து ஹாட்பாக்ஸில் கொண்டுவந்துவிடலாம், கூடத் தயிரும் அப்பளமும் போதும். பீர் பேச்சை எடுப்பவரிடம் அன்றைக்கு வண்டிச் சாவியும் கார்ச் சாவியும் இருக்கக் கூடாது.

நாலு மணிக்கு வெயில் தாழ்ந்ததும், இதையும் மாமாவிடம் முன்பே கேட்டு வைத்துக்கொண்டு, மெதுவண்டிப் போட்டி வையுங்கள். ஐம்பது அடி நீளம், நாலடி அகலத்தில் கோடு; காலை ஊன்றாமல் கடைசியாக வந்து சேர்பவருக்கு வெற்றி. எக்ஸ்எல், ஸ்கூட்டி, டர்ட் பைக் எல்லாம் கலந்து ஓடலாம். காலையில் மேடேறிக் காட்டியவர்கள் முதல் பத்தடியிலேயே காலை ஊன்றுவார்கள். தினமும் சந்தை நெரிசலில் ஸ்கூட்டி ஓட்டுகிற அத்தைகள் ஜெயிப்பார்கள். பார்க்க வந்தவர்களையும் வண்டியில் ஏற்றுகிற ஆட்டம் இது, அதனால்தான் நாளின் திட்டத்தில் இதை விடவே கூடாது என்கிறேன். வேகம் இல்லாவிட்டாலும் ஹெல்மெட் உண்டு.

கிளம்பும் முன் சேலைத்துணி, டயர், பாட்டில், குப்பை எல்லாம் எடுத்துவிட்டு, சக்கரம் பறித்த பள்ளங்களை மண்வெட்டியால் மூடுங்கள். டயருக்கு ரோட்டுக் காற்றை ஏற்றாமல் தார் ரோட்டில் ஏறாதீர்கள், 18 பி.எஸ்.ஐ-இல் வேகமாகப் போனால் டயர் சூடாகி வண்டி அலைபாயும். மாமா வீட்டுக்கு ஒரு பை பழமோ இனிப்போ கொடுத்து, “ஏதாச்சும் சேதாரம் இருந்தா சொல்லுங் மாமா” என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்டில் தண்ணீர்க் குழாயால் கழுவினால் போதும். வாட்டர் சர்வீஸில் அழுத்தமாக அடிக்கும் தண்ணீர் சக்கர பேரிங்கிலும் செயின் ஓ-ரிங்கிலும் புகுந்துவிடும். செயினைத் துடைத்து செயின் எண்ணெய் போட்டு, ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள்; ஃபோம் என்றால் கழுவிக் காயவைத்து எண்ணெய் தடவலாம், பேப்பர் என்றால் மாற்றுவது மேல். மறுநாள் ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். மந்தமாகச் சத்தம் வருவது தளர்ந்திருக்கிறது. டயரைச் சுற்றி விரலால் தடவி, ஒடிந்து நிற்கும் கருவேல முள் ஏதும் இருந்தால் பிடுங்கிவிடுங்கள். அன்று காற்று இறங்காத டயர், உள்ளே நிற்கும் முள்ளால் புதன்கிழமை ஆபீஸ் போகிற வழியில் இறங்கும்.